யாரு மூடுனது?

காரைக்காலிலிருந்து திருமலைராயன்பட்டினம் வழியாகப் போகும் காலைப் பேருந்தில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். பார்ப்பதற்கு முன் குரலைக் கேட்டேன். நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "எல்லாரும் ஏறியாச்சு, ரைட் ரைட்" என்று விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அதற்குள் பின்னால் இருந்து யாரோ, "யாரு பாத்தது?" என்றார்கள்.

நடத்துநர் விசிலை எடுத்துவிட்டுத் திரும்பினார். "என்னம்மா?"

"எல்லாரும் ஏறியாச்சுன்னு சொன்னீங்களே, யாரு பாத்தது? நீங்க பாத்தீங்களா?"

நடத்துநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பட்டினச்சேரி மீன்காரம்மா ஒருவர், மீனை விற்றுவிட்டு வெறும் அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். அவர் ஏறி, மூச்சு வாங்கி, நடத்துநரை நாலு வார்த்தை திட்டிய பிறகுதான் பேருந்து நகர்ந்தது. கேள்வி கேட்டவர் அதற்குள் கையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். நல்ல உயரம், நல்ல உடம்பு, தலை நிறைய மல்லிகைப்பூ, காலில் இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ. அந்தப் பூவுக்கும் அந்த ஷூவுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். போலகம் பக்கம் எங்கள் தொழிற்சாலை வாசலில் நான் இறங்கியபோது அவரும் இறங்கினார்.

"லேபுக்குப் புதுசா வந்திருக்கவ நீதானா?" என்றார். "ஆமாக்கா" என்றேன். "நான் பம்பு. வா, டீ குடிச்சிட்டு உள்ள போவோம்."

அப்படித்தான் அறிமுகம். அன்றிலிருந்து நான் அவருக்கு 'லேபு'. அவர் எங்கள் எல்லோருக்கும் பம்பு அக்கா. மேலாளர்கள் மட்டும் மேடம் என்பார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் காஸ்டிக் கரைசல் தயாரானது. சோப்புக்கும் காகிதத்துக்கும் போகும் சரக்கு. பார்க்கத் தண்ணீர் போல இருக்கும், தொட்டால் வழுவழுப்பாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் தோல் புண்ணாகிவிடும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதைத் தொட்டியிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து டேங்கர் லாரிக்கும் ஏற்றி இறக்குவதெல்லாம் பம்புகள்தான். பெரிதும் சிறிதுமாக நிறைய உண்டு. அத்தனைக்கும் பொறுப்பு அக்கா. என்ஜினீயரிங் படித்தவர். கோட்டுச்சேரிப் பக்கம் நெல் விவசாயக் குடும்பம்.

அவருக்கு ஒரு சொல் ஆகாது. 'ஆச்சு' என்ற சொல்.

தமிழில் நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். வால்வை மூடியாச்சு, கரண்ட்டை நிறுத்தியாச்சு, போல்ட்டு முடுக்கியாச்சு. இதில் யார் மூடினார், யார் நிறுத்தினார், யார் முடுக்கினார் என்பதே கிடையாது. காரியம் தானாக நடந்து முடிந்துவிட்ட மாதிரி ஒரு தோரணை. அக்காவிடம் யாராவது வந்து "வால்வை மூடியாச்சு மேடம்" என்றால், உடனே, "யாரு மூடுனது?" என்பார்.

"மூடியாச்சு மேடம்."

"அதான், யாரு?"

"நம்ம பசங்கதான்..."

"பசங்கன்னு யாரும் இங்க வேல பாக்கல. பேரு சொல்லு."

கடைசியில் வந்தவர் முகம் சிவந்து, "நான்தான் மூடுனேன் மேடம்" என்பார். அல்லது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பி ஓடுவார். இரண்டாவதுதான் அதிகம் நடக்கும். "நான்" என்று சொல்ல வேண்டி வரும்போது மனிதனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. அதற்காகத்தான் அக்கா கேட்பார். "நான் மூடுனேன்" என்று சொன்னவரையும் விடமாட்டார். "வா, காட்டு" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போவார். சந்தேகப்படுகிறாரே என்று யாருக்கும் கோபம் வராது. ஏனென்றால் போகிற வழியெல்லாம் எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே போவார். அவர் சிரிப்பு பம்பு ஹவுஸ் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்.

நான் லேபுக்குச் சாம்பிள் எடுக்கப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். ஒரு நீளமான திருப்புளியின் முனையைப் பம்பின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதைப் போல. "இதுக்குப் பசிக்குதுடி லேபு" என்பார். உறிஞ்சுகிற பக்கம் கரைசல் சரியாக வராவிட்டால், பம்பு உள்ளே கல்லை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் போடுமாம். அப்படியே ஓடவிட்டால் தன்னைத்தானே அரித்துத் தின்றுவிடும். வெறும் வயிற்றோடு ஓடவே கூடாது. "என்னை மாதிரி" என்று சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து கடலை உருண்டையை எடுத்துப் பாதியை எனக்குக் கொடுப்பார்.

ஒருமுறை புதிய பம்பு ஒன்று வந்தது. அதைப் பொருத்த வெளியூர் ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆட்களோடு வந்திருந்தார். கான்கிரீட் மேடை போட்டு, பம்பை உட்கார்த்தி, குழாயைக் கொண்டுவந்து பார்த்தால் குழாயின் வாய்க்கும் பம்பின் வாய்க்கும் ஒரு விரல் அகலம் இடைவெளி. அவர்கள் சங்கிலிக் கப்பியை மாட்டிக் குழாயை இழுத்து, நீளமான போல்ட்டைப் போட்டு முடுக்கிச் சேர்த்துவிட்டார்கள். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

"சேத்தாச்சு மேடம். ஒரு சொட்டு ஒழுகாது" என்றார் ஒப்பந்தக்காரர்.

"யாரு சேத்தது?" என்று அக்கா கேட்டார். அவர் பெருமையாக, "நான்தான், பக்கத்துலயே நின்னேன்" என்றார். அக்கா சந்தோஷப்பட்டு, "அப்ப நீங்களே அந்த போல்ட்டைக் கழட்டுங்க. தள்ளி நின்னு கழட்டுங்க" என்றார்.

கடைசி போல்ட்டு தளர்ந்ததும் குழாய் 'டங்' என்று துள்ளித் தன் பழைய இடத்துக்கே போனது. ஒப்பந்தக்காரர் ஓர் அடி பின்னால் குதித்தார்.

"பாத்தீங்களா, அதுக்கு இங்க இருக்கவே இஷ்டமில்ல" என்றார் அக்கா. "நாம இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கோம். அந்த இழுப்பு பூரா பம்பு மேல ஏறும். தண்டு வளையும், சூடாவும், ஒரு நாள் தண்டைச் சுத்தி அடைச்சிருக்க சீல் விட்டுக்கிட்டுக் காஸ்டிக் பீச்சி அடிக்கும். அன்னைக்கு அங்க எவன் மூஞ்சி இருக்கோ! குழாயை அறுத்துச் சரியான அளவுல திருப்பி வைங்க. போல்ட்டு கையாலயே உள்ள போவணும். பைப்பு தானா வந்து நிக்கணும்."

"ரெண்டு நாள் வேல வெச்சிட்டீங்களே மேடம்."

"வெச்சிட்டேன். மோர் நான் வாங்கித் தரேன்."

சொன்னபடி வாங்கியும் தந்தார். அந்த ஒப்பந்தக்காரர் பிறகு எப்போது எங்கள் தொழிற்சாலைக்கு வந்தாலும் முதலில் பம்பு ஹவுஸுக்குப் போய் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போவார். மோருக்காக என்று சொல்வார்.

இந்தக் குணத்தால் வீட்டில் அவர் பட்ட பாடு தனிக்கதை. கல்யாணத் தரகர் வந்து, "எல்லாம் பேசியாச்சும்மா, பையன் வீட்டுல முடிஞ்ச மாதிரிதான்" என்றிருக்கிறார். "யாரு பேசுனது?" என்று அக்கா ஆரம்பித்துவிட்டார். மயிலாடுதுறைப் பக்கமிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். நானும் போயிருந்தேன். கேசரித் தட்டை நீட்டும்போதே அக்கா நேராக மாப்பிள்ளையிடம், "உங்களுக்கு என்னைப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "வீட்டுல எல்லாருக்கும் புடிச்சுப்போச்சுங்க" என்றார்.

"அத கேக்கல. உங்களுக்கு?"

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அக்கா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி கேசரி வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். "பாவம்டி, நல்ல பையன்தான். போல்ட்டு போட்டு இழுத்துட்டு வந்திருக்காங்க" என்று என் காதில் சொன்னார். அடுத்த வாரம் அந்தப் பையனே தொலைபேசியில் கூப்பிட்டு, தனக்கு வேறொரு பெண்ணைப் பிடித்திருப்பதாகவும் வீட்டில் சொல்லத் தைரியம் வந்துவிட்டதாகவும் சொன்னாராம். அந்தக் கல்யாணத்துக்கு அக்கா போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவர் அம்மாதான் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிற்பாடு நெடுங்காட்டுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பெண் பார்க்க வந்து, உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நான்தாங்க உங்களப் பாக்கணும்னு சொன்னேன்" என்றார். அந்த இடம் முடிந்துவிட்டது. இப்போது இருவரும் குஜராத் பக்கம் இருக்கிறார்கள். அங்கே 'ஆச்சு' என்பதற்கு என்ன சொல்கிறார்களோ, அதையும் அக்கா பொறுக்கமாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எப்போதும் அவர் பக்கமே நியாயம் இருந்தது என்றும் சொல்ல முடியாது. குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கு வேன் வைத்துக்கொண்டு போனார்கள். நானும் இருந்தேன். நாகூர் தாண்டும்போது அக்கா, "வீட்டப் பூட்டுனது யாரு?" என்றார். அவர் அம்மா, "பூட்டியாச்சுடி" என்றார். அவ்வளவுதான். தம்பி நான் இல்லை என்றான், தம்பி மனைவி நான் குழந்தையை வைத்திருந்தேன் என்றாள், அப்பா நான் முன்னாடியே வேனில் ஏறிவிட்டேன் என்றார். வேன் கோட்டுச்சேரிக்குத் திரும்பியது. போய்ப் பார்த்தால் வீடு ஜம்மென்று பூட்டியிருந்தது. பூட்டியவர் அப்பாதான், அவருக்கு மறந்துபோயிருக்கிறது. வேனில் இருந்த அத்தனை பேரும் அக்காவைத் திட்டித் தீர்த்தார்கள். தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கும் அக்காவுக்கும் ஏற்கெனவே அவ்வளவு சுமுகமில்லை. அக்கா பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பூட்டித்தானே இருக்கு? நல்லதுதானே? வாங்க, போவோம். வழியில பஜ்ஜி என் செலவு."

எனக்கு வெகுநாளாக ஒரு எண்ணம். இப்படி ஒருவர் இருக்கிறார் என்றால் பின்னால் ஏதோ ஒரு துயரம் இருக்கும். யாரோ நெருங்கியவர் கையையோ உயிரையோ இழந்திருப்பார். பேருந்துக்குக் காத்திருந்த ஒரு சாயங்காலம், தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டேன். "அக்கா, உங்க வீட்டுல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆவலயே. ஏன்?"

"இல்ல, இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கீங்களே..."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். "யாராச்சும் செத்தாத்தான் பூட்டு போடணுமாடி?" என்றார்.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பம்பைப் பிரித்து வேலை பார்க்கும்போது, வேறு யாரும் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. பம்பு ஓரிடத்தில், அதற்கான மின்பெட்டி சுவர் தாண்டி இன்னொரு கட்டடத்தில். அங்கே நிற்பவருக்கு இங்கே யார் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் மின்பெட்டியில் தன் பூட்டைப் போட்டு, தன் சாவியைத் தானே வைத்திருக்க வேண்டும். போட்டவரே வந்து திறக்க வேண்டும். அதுதான் முறை. அக்கா நிர்வாகத்திடம் எல்லோருக்கும் பூட்டு கேட்டிருந்தார். வாங்கச் சொல்லியாச்சு என்றே பதில் வந்துகொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைத்தெருவில் தானே ஒரு பூட்டு வாங்கி, அதற்குச் சிவப்பு நெயில் பாலிஷ் அடித்து, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார். சட்டைக்குள் எப்போதும் கிடக்கும்.

அவர் தம்பி மகளுக்குக் காது குத்து வந்தது. கோட்டுச்சேரியில் கோயிலை ஒட்டிய மண்டபம். ஞாயிற்றுக்கிழமை. அத்தை முறைக்கு அக்காதான் சீர்வரிசைத் தட்டுகள் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். ஆனால் அன்று காலையிலேயே லாரி ஏற்றும் பம்பில் சீல் ஒழுகத் தொடங்கிவிட்டது. அக்கா விடியும்போதே தொழிற்சாலைக்குப் போய், வால்வுகளை மூடி, எலக்ட்ரீஷியன் ரஹீமை வைத்துக் கரண்ட்டை நிறுத்தி, மின்பெட்டியில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டு, ஃபிட்டர் செல்வத்திடம் வேலையை ஒப்படைத்தார். செல்வம் பட்டினச்சேரிக்காரன், நல்ல கைவேலைக்காரன். அக்காவுக்குப் பதிலாகத் தன் பூட்டைப் போட்டுப் பொறுப்பேற்க வேண்டிய இன்னொரு மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தார். வேலை சாயங்காலம் வரை இழுக்கும் என்பது கணக்கு. "மத்தியானம் சாப்பிட்டுட்டு நானே வந்து பாத்துத் திறந்து தரேன்" என்று சொல்லிவிட்டு அக்கா மண்டபத்துக்கு வந்துவிட்டார். அரக்கு நிறப் பட்டுப்புடவை. சங்கிலியில் சாவி.

மேளம் ஆரம்பித்து, ஆசாரி தட்டில் ஊசியையும் தோட்டையும் எடுத்துவைத்த நேரத்தில் அக்காவின் கைபேசி அடித்தது. உற்பத்தி மேலாளர். நல்ல மனிதர்தான், ஆனால் அன்று வாசலில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, மேலேயிருந்து அவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று அக்கா கைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"மேடம், பம்பு வேல முடிஞ்சாச்சு. உங்க பூட்டுதான் நிக்குது. சாவியக் குடுத்தனுப்புங்க."

"யாரு சார் சொன்னது முடிஞ்சிடுச்சுன்னு?"

"செல்வம் சொல்லிட்டானாம்."

"உங்ககிட்ட சொன்னானா?"

"ஆப்பரேட்டர்கிட்ட சொல்லியிருக்கான்."

"செல்வத்தைப் பேசச் சொல்லுங்க சார்."

"அவன் போன் லாக்கர்ல கெடக்கு. டீ குடிக்கப் போயிருப்பான், வீட்டுக்கே போயிருந்தாலும் போயிருப்பான். அதெல்லாம் கிளம்பியாச்சு மேடம்!"

"செல்வம் குரலக் கேக்காம நான் சாவி தரமாட்டேன் சார். கொஞ்சம் பொறுங்க, நான் வரேன்."

மேலாளருக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க கோட்டுச்சேரியிலேருந்து டவுனத் தாண்டி எப்ப வந்து சேருவீங்க? நான் கட்டர் எடுத்தாச்சு. பூட்ட அறுக்கப் போறேன்."

அக்கா கத்தவில்லை. மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார், மேளம் நின்றது. மண்டபம் முழுக்க அவர் குரல் மட்டும் கேட்டது.

"சார், அறுங்க. ஆனா ரஹீம அறுக்கச் சொல்லாதீங்க. நீங்களே உங்க கையால அறுங்க. நீங்களே சுவிட்சப் போடுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா, 'அறுத்தாச்சு, போட்டாச்சு'ன்னு சொல்லக் கூடாது. 'நான் அறுத்தேன், நான் போட்டேன்'னு சொல்லணும். சொல்லுவீங்களா?"

மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

"லேபு, உன் ஸ்கூட்டிய எடு" என்றார் அக்கா. தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி எதிரில் வந்து நின்றாள். "நல்ல நேரம் முடியப்போவுது அண்ணி" என்றாள். அக்கா, "தெரியும்மா. நீங்க குத்திடுங்க" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து பின்னால் உட்கார்ந்தார்.

நான் அப்படி வண்டி ஓட்டியதே இல்லை. டவுனில் ஒவ்வொரு சிக்னலிலும் அக்கா என் தோளை இறுக்கிப் பிடித்தார். பேசாத அக்காவோடு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் மெதுவாக, "அறுத்திருப்பாராடி?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

வாசலில் இறங்கியதும் அவர் மின்பெட்டிப் பக்கம் போகவில்லை. நேராகப் பம்பை நோக்கி ஓடினார். செருகல் அவிழ்ந்து, பட்டுப்புடவை ஓரமெல்லாம் தரையில் கிடந்த காஸ்டிக் ஈரத்தில் புரண்டது. மற்ற பம்புகள் ஓடுகிற இரைச்சல். தொட்டியின் சுவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம்.

செல்வம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் இணைக்கிற இடத்துக்குக் கப்ளிங் என்று பேர். மோட்டார் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றுவது அதுதான். அதன் மேல் கம்பி வலை மூடி ஒன்று இருக்கும். அந்த மூடி கழற்றித் தரையில் கிடந்தது. செல்வத்தின் வலது கை முழுவதும் உள்ளே இருந்தது. விரல்களைக் கப்ளிங்கில் கோத்துத் தம் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் பல்லைக் காட்டினான். "என்னா மேடம், பட்டுப்பொடவையோட?"

"கைய எடு."

"முடிச்சிட்டேன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போனங்க மேடம். அப்பறந்தான் ஒரு சந்தேகம், கொஞ்சம் இறுக்கமா இருந்த மாதிரி. அதான் மூடியக் கழட்டிச் சுத்திப் பாத்து..."

"கைய எடுடா!"

அவர் யாரையும் 'டா' போட்டு நான் கேட்டதில்லை. செல்வம் கையை வெளியே எடுத்தான். எதற்கென்று தெரியாமல் எங்கள் முன்னால் நீட்டிக் காட்டினான். கிரீஸ் அப்பிய கை. அக்கா அப்படியே பம்பின் கான்கிரீட் மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் காலடிச் சத்தம். மேலாளர். ஒரு கையில் பெரிய கட்டர். அவருக்குப் பின்னால் ரஹீம். பூட்டை அறுக்கவில்லை. கட்டரைப் பூட்டில் வைத்துவிட்டு, வைத்தபடியே நின்றிருந்தாராம். ரஹீம் பிறகு என்னிடம் சொன்னார்: "சார் கை அமுக்கவே மாட்டேங்குதும்மா. என்னையப் பாக்குறாரு, பூட்டப் பாக்குறாரு. அப்படியே நிக்குறாரு."

மேலாளர் தரையில் கிடந்த கம்பி மூடியைப் பார்த்தார். செல்வத்தின் கையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கட்டரைக் கீழே வைத்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் அதே மேடையில் உட்கார்ந்தார். செல்வம்தான் ஒன்றும் புரியாமல், "யாருக்கு என்னாச்சு?" என்று ரஹீமைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவன் பொய் சொல்லல சார்" என்றார் அக்கா கடைசியில். "சொல்றப்ப முடிஞ்சுதான் இருந்துச்சு. அப்பறமா மறுபடி ஆரம்பிச்சிருக்கான். நல்ல வேலைக்காரன்னா திரும்பிப் போய்ப் பாக்கத்தான் செய்வான்."

அந்த வாரமே பூட்டுகள் வந்தன, ஆளுக்கு ஒன்று, அவரவர் பேர் எழுதி. மேலாளரே நேரில் போய் வாங்கிவந்தார்.

அன்று அக்கா பட்டுப்புடவை மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். இறுக்கம் இருந்தது நிஜம்தான். மோட்டாரைத் துளி நகர்த்திச் சரிசெய்து, சுலபமாகச் சுற்றியதும் மூடியைப் போட வைத்தார். உறிஞ்சும் பக்கத்து வால்வை முழுக்கத் திறந்தார், தள்ளும் பக்கத்தைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தார். எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லோரும் தன் கண் முன்னால் நின்ற பிறகு, மின்பெட்டிக்குப் போய்ச் சங்கிலியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். பம்பு முணுமுணுவென்று ஓடியது. "குளிச்சிட்டு வா" என்றார் செல்வத்திடம். "எங்கங்க மேடம்?" என்றான். "சோறு திங்க."

ரஹீமின் பைக்கில் செல்வத்தை ஏற்றிக்கொண்டு நாங்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது பாதிக்கூட்டம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தது. ஆசாரி இரண்டாவது தடவையாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். குழந்தை தாழம்பூ வைத்த தலையோடு அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. காதில் ஒன்றுமில்லை.

"இன்னும் குத்தலையா?" என்றார் அக்கா.

"அத்தை இல்லாம எப்படிக் குத்துறது?" என்றாள் தம்பி மனைவி. சுள்ளென்றுதான் சொன்னாள். "எல்லாரும் சொன்னாங்க, நேரம் போவுது, குத்திடுன்னு. நான்தான் வேணாம்னேன். அடுத்த நல்ல நேரம் பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்." பிறகு அவள் கண் அக்காவின் புடவை ஓரத்துக்குப் போனது. காஸ்டிக் பட்ட இடத்தில் பட்டு பொத்தல் பொத்தலாகக் கரைந்திருந்தது. "என்னா அண்ணி இது?" என்றாள், குரல் மாறிவிட்டது. அக்கா பதில் சொல்லாமல் அவளைக் கட்டிக்கொண்டார்.

ஆசாரி ஊசியை எடுத்தார். தாய்மாமன் மடியில் குழந்தை கண் விழித்து, ஊசியைக் கண்டு ஊரைக் கூட்டியது. அதன் தலையை அசையாமல் பிடிக்க வேண்டியது அக்கா. எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புகிறவர், ஊசி கிட்டே வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஆச்சா? ஆச்சாடி?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். நான் சிரித்த சிரிப்பில் பதில் சொல்ல முடியவில்லை.

கடைசிப் பந்தியில் செல்வம் உட்கார்ந்தான். பரிமாற ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அவன் இலைக்கு மட்டும் அக்காவே வந்தார். சாம்பார், ரசம், மோர் என்று ஊற்றிக்கொண்டேயிருந்தார். அவன் பிசைந்து உருட்டி வாயில் போடுவதை நின்று பார்த்தார். செல்வத்துக்குக் கூச்சமாகிவிட்டது.

"என்னா மேடம், கையவே பாக்குறீங்க?"

"சாப்புடு."

பாயசம் வந்தது. "டம்ளர்ல குடுங்க மேடம், இலையில வழிஞ்சு ஓடிடும்" என்றான். அக்கா வாளியைத் தானே வாங்கி, "இலையிலதான்" என்று ஊற்றினார். அது ஓட ஆரம்பித்தது. செல்வம் பதறிப்போய் ஐந்து விரலையும் குவித்து, இந்தப் பக்கம் ஓடுவதை அணைத்து, அந்தப் பக்கம் ஓடுவதை வழித்து, உள்ளங்கை நிறைய அள்ளி உறிஞ்சினான். அக்கா இன்னொரு கரண்டி ஊற்றினார்.